வெறும் வண்டி ஓட்டாதவர்

ஒரே ஒரு நாளைத் தவிர, அவருடைய வண்டி காலியாகப் போய் நான் பார்த்ததில்லை. அந்த ஒரு நாளுக்குக் காரணம் நான். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

குட்டியானை என்று ஊரே கூப்பிடும் சின்ன லோடு வண்டி அவருடையது. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பீரோவை ஏற்றிக்கொண்டு போனார் என்றால், இறக்கிவிட்டு நேரே வீட்டுக்கு வர மாட்டார். திரும்பி வர ஒரு லோடு அமையும்வரை அங்கேயே நிற்பார். சிமெண்டு மூட்டை, வீடு மாற்றுகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான், கல்யாண வீட்டுப் பாத்திரம், ஒன்றுமே இல்லையென்றால் யாராவது டீக்கடைக்காரரின் காலி சிலிண்டர். கூலி வராவிட்டாலும் பரவாயில்லை, வண்டி காலியாக இருக்கக்கூடாது.

"வெறும் வண்டி ஆடும் தம்பி. லோடு இருந்தாத்தான் ரோட்ல உக்காரும்" என்பார். இதை அவர் வாயால் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

லோடைக் கயிறு போட்டுக் கட்டி முடித்ததும் உள்ளங்கையால் அதை ஒரு தட்டுத் தட்டுவார். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். பிடிக்கவில்லையென்றால் கட்டினதையெல்லாம் அவிழ்த்து முதலிலிருந்து தொடங்குவார். அவசரம் என்று நாம் கையைக் காலை உதறினாலும் கண்டுகொள்ள மாட்டார். சட்டையின் கழுத்துப் பட்டனைக்கூடப் பூட்டியிருக்கும் ஆள். வெயிலில் நமக்குத்தான் மூச்சு முட்டும்.

எங்களுக்கு அவர் எப்படிப் பழக்கமானார் என்றால், எங்கள் டிரம்ஸை ஏற்ற வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. உருண்டை உருண்டையாக இருக்கிறது, அடுக்க வராது என்று வண்டி ஸ்டாண்டில் எல்லோரும் கைவிரித்தார்கள். இவர் மட்டும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெரியதற்குள் சின்னதை வைக்கலாமா என்று கேட்டார். ஸ்டெல்லா பதறிப்போய் முடியாது என்றாள். அவர் உடனே சரி என்று சொல்லி, வேறு மாதிரி அடுக்கிக் காட்டினார்.

ஸ்டெல்லா எங்கள் டிரம்மர். வார நாட்களில் கணக்கு டீச்சர். முபாரக் பாட்டு எழுதி, பாடி, கிட்டார் வாசிப்பான். அவனுடைய மாமா பேண்டேஜ் துணியை வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி வைத்திருந்தார். அங்கேதான் அவனுக்கும் எனக்கும் வேலை. நான் பில் போடுவேன், பேஸ் கிட்டார் வாசிப்பேன். மூன்று பேரும் சேர்ந்து நடத்திய ராக் பேண்டுக்குப் 'பிசிறு' என்று பெயர். மில் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. சட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சுப் பிசிறைத் தட்டிவிட்டு மேலே கேட்பார்கள். பாட்டெல்லாம் எங்களுடையதே. சினிமாப் பாட்டு வாசிக்க மாட்டோம். இந்தக் கடைசி வாக்கியத்தால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

வண்டிக்கார அண்ணன் எங்கள் பாட்டைப் பற்றிச் சொன்னது எப்போதும் ஒன்றுதான். ஒத்திகை முடியும்வரை வாசலில் நின்று கேட்பார். முபாரக் ஆசையாக, எப்படிண்ணே என்று கேட்பான். "ஆடுது" என்பார் அவர். அவ்வளவுதான், கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எந்த இடத்தில் ஆடுகிறது, யாரால் ஆடுகிறது, ஒன்றும் சொல்ல மாட்டார். ஸ்டெல்லாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இந்த மனுசன் வாயிலிருந்து ஒருநாளாவது 'உக்காந்துருச்சு' என்று வாங்காமல் விடமாட்டேன் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் முதல் மேடை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு சங்கத்தின் ஆண்டு விழா. மாமாவின் சிபாரிசில் கிடைத்தது. முதல் பாட்டு முடிந்தபோது ஒருவர் கை தட்டினார். அது சமையற்கட்டிலிருந்து வந்த சத்தமாகவும் இருக்கலாம். இரண்டாவது பாட்டின் நடுவில் செயலாளர் மேடை ஏறி வந்து, சினிமாப் பாட்டு தெரியுமா என்று முபாரக்கின் காதில் கேட்டார். தெரியாது என்றான். அவர் கோபப்படவே இல்லை. சிரித்த முகத்தோடு குனிந்து எங்கள் ஆம்பிளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

சாப்பிடவில்லை. சாமானை ஏற்றினோம். முபாரக் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்த விதத்தைப் பார்த்தால் அதை இனி எடுக்க மாட்டான் என்று தோன்றியது. ஸ்டெல்லாவின் கண் சிவந்திருந்தது. பட்டப்பகல் வெயில். வண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் தெற்கே இராஜபாளையம் பக்கம் திரும்பாமல் வடக்கே திரும்பியது.

எங்கே போகிறீர்கள் என்று பின்னாலிருந்து கத்தினேன்.

"வ. புதுப்பட்டிக்கு. தேங்கா கெடக்கு" என்றார்.

இழவு விழுந்த வீட்டுக்காரர்கள் மாதிரி நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம், இவருக்குத் தேங்காய் லோடு! நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. புதுப்பட்டித் தோப்பில் டிரம்ஸையும் பெட்டிகளையும் ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டிவிட்டு, மிச்ச இடம் முழுக்கத் தேங்காயைக் கொட்டினார். வழக்கம்போல ஒரு தட்டு. கேட்டார். எங்களைப் பார்த்து, ஏறுங்கள் என்று தலையை ஆட்டினார்.

தேங்காய்க் குவியலின் மேல் உட்கார்ந்து ஊர்வரைக்கும் போயிருக்கிறீர்களா? ஒரு இடத்தில் நிலையாக உட்கார முடியாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு காய் உருண்டு இடுப்பில் இடிக்கும். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது முபாரக் சரிந்து ஸ்டெல்லாவின் மடியில் விழுந்தான். அவள் அவன் தலையில் டிரம்ஸ் குச்சியால் ஒன்று வைத்தாள். அப்புறம் பக்கத்திலிருந்த காயில் ஒன்று. இரண்டு சத்தமும் ஒன்றுபோல இருந்ததில் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவள் தேங்காய்களின் மேலேயே தாளம் போட, முபாரக் வாய்க்கு வந்ததைப் பாட, ஊர் வந்து சேர்வதற்குள் ஒரு பாட்டு உருவாகியிருந்தது. 'ஆடும் வண்டி' என்று பெயர் வைத்தோம். அன்றைக்கு வண்டி காலியாக நேரே திரும்பியிருந்தால், பிசிறு அன்றோடு முடிந்திருக்கும். இதை அடித்துச் சொல்வேன்.

அவர் வேண்டுமென்றே செய்தாரா? கேட்டேன். தேங்காய் கிடந்தது, எடுத்தேன் என்றார்.

ஆல்பம் போட வேண்டும் என்ற பித்து அதற்குப் பிறகுதான் பிடித்தது. ஒன்பது பாட்டு. ஸ்டுடியோவுக்கு மதுரை போகவேண்டாம், மாமாவின் கோடவுன் போதும் என்று கண்டுபிடித்தவன் முபாரக். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. மூன்று பக்கமும் கூரை உயரத்துக்குப் பேண்டேஜ் துணி பேல்கள், அழுத்திக் கட்டிய பெரிய மூட்டைகள். நடுவில் நின்று கை தட்டினால் சத்தம் கையிலேயே செத்துப்போகும். ரெக்கார்டிங்குக்கு அதைவிட என்ன வேண்டும்? லேப்டாப்பும் நான்கு மைக்குமாக, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பாட்டு. ஐந்து ஞாயிறு, ஐந்து பாட்டு. எல்லாம் அமைந்து வந்தது.

ஆறாவது ஞாயிறு காலையில் நான் மட்டும் முதலில் வந்திருந்தேன். அண்ணன் இன்னும் சில வண்டிக்காரர்களோடு வந்து இறங்கினார். பேல்கள் தூத்துக்குடி ஹார்பருக்குப் போகவேண்டுமாம். மாமா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"எடுக்கலாமா தம்பி? ஒங்க வேலைக்கு எடஞ்சல் இல்லையே?" என்று என்னைக் கேட்டார்.

தாராளமாக எடுங்கள், எங்களுக்கும் கையைக் காலை நீட்ட இடம் கிடைக்கும் என்றேன். சொன்னதோடு விட்டேனா? நானே போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். மற்ற இருவரும் வரும்போது கோடவுன் காலி. எவ்வளவு பெரிசா இருக்கு என்று மகிழ்ந்துபோனார்கள். மிச்சம் நான்கு பாட்டையும் அந்தக் காலிக் கோடவுனில் எடுத்தோம். சத்தம் கும்மென்று பெரிதாகக் கேட்டது. எங்கள் கை தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

துணி இரத்தத்தை உறிஞ்சும், சீழை உறிஞ்சும் என்று தினமும் பில் போடுகிறவன் நான். சத்தத்தையும் அது உறிஞ்சும் என்று தோன்றவில்லை பாருங்கள். இந்த முட்டாள்தனத்தை ஒரு பேண்டேஜ் ஊர்க்காரன்தான் செய்ய முடியும்.

பாட்டுகளைச் சீர்செய்து தரச் சென்னையில் ஒருவரிடம் கொடுத்திருந்தோம். அவர் கூப்பிட்டு, முதல் ஐந்து பாட்டு ஒரு அறைக்குள் கேட்கிறது, மற்ற நான்கும் கிணற்றுக்குள் கேட்கிறது என்றார். இரண்டு வெவ்வேறு பேண்டு மாதிரி இருக்கிறதாம். எந்த மிஷினாலும் ஒட்ட வைக்க முடியாது, நான்கையும் மறுபடி எடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்போது ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு ஓசூர் போகிறாள். மாமாவுக்குப் புது ஆர்டர் இல்லை, கோடவுன் நிறைய இன்னும் பல மாதம் ஆகும். வேறு டிரம்மரை வைத்து எடுக்கலாம் என்று நான் சொன்னதற்கு, அப்படி ஒரு ஆல்பம் வேண்டவே வேண்டாம் என்றான் முபாரக். கல்யாண மண்டபத்திலிருந்து மெத்தை, தலையணை எல்லாம் வாடகைக்கு எடுத்துச் சுவரோரம் அடுக்கிப் பார்த்தோம். கொண்டுவந்து இறக்கியது அண்ணன்தான். ஒரு பாட்டு எடுத்துப் பார்த்தோம். கிணறு கிணறாகவே இருந்தது.

தலையணைகளைத் திருப்பி எடுத்துப் போக வந்தவர், ஏன் எல்லாரும் உம்மென்று இருக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ.

"நீங்க அன்னைக்குப் பேலு அம்புட்டையும் காலி பண்ணுனீங்கள்ல, அதான். அதோட எங்க ஆல்பமும் காலி" என்றேன்.

முபாரக்கும் ஸ்டெல்லாவும் அவரைப் பார்த்தார்கள். எடுங்கள் என்று சொன்னது நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். இந்தா இவன்தான்லே எடுக்கச் சொன்னான் என்று அவர் சொல்லியிருக்கலாம். அவர் என்னைப் பார்த்தார், கோடவுனின் காலிச் சுவர்களைப் பார்த்தார். "அப்பிடியா" என்று மட்டும் கேட்டார். தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு போய் வண்டியை எடுத்தார். தலையணை ஒன்றைக்கூட ஏற்றவில்லை. தெருமுனை திரும்பும்வரை அந்த வெறும் வண்டி கடகடவென்று ஆடிய சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம்.

அந்த வாரச் சனிக்கிழமை சாயங்காலம், கோடவுனுக்கு உடனே வா என்று முபாரக் போன் பண்ணினான். போனால், வாசலில் ஏழு குட்டியானைகள் வரிசையாக நிற்கின்றன. ஏழிலும் பேண்டேஜ் பேல். சனிக்கிழமை லோடுகள் ஞாயிறு முழுக்க ஸ்டாண்டில் தார்ப்பாய் போட்டு நின்று, திங்கட்கிழமை விடியும் முன் தூத்துக்குடிக்குக் கிளம்புவது எங்கள் ஊர் வழக்கம். அண்ணன் ஒவ்வொரு முதலாளியாகப் போய்ப் பார்த்து, மழை வரும்போலத் தெரிகிறது, துணி நனைந்தால் வம்பு, ஒருநாள் கோடவுனில் இறக்கி வைக்கிறேன் என்று சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறார். பங்குனி வெயில். வானத்தில் மருந்துக்கும் ஒரு மேகம் இல்லை.

அவரும் மற்ற டிரைவர்களுமாக இறக்கினார்கள். இறக்குவதற்கும் மறுபடி ஏற்றுவதற்கும் ஒருத்தரும் கூலி வாங்கவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? ஏலே, பாட்டுக் கச்சேரிக்குச் சுவரு கட்டுற கொத்தனாராக்கிட்டான்லே நம்மள என்று ஒருவர் புலம்பிக்கொண்டே தூக்கினார். அண்ணன் நடுவில் நின்றுகொண்டு, அந்த மூலையில் இரண்டு வரிசை குறை, கதவுப் பக்கம் ஒரு ஆள் இடம் விடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். எது எங்கே இருந்தது என்று அன்றைக்கு எடுத்தவருக்குத் தெரியாதா? அடுக்கி முடித்ததும் கோடவுனின் நடுவில் போய் நின்று கையைத் தட்டினார். தலையைச் சாய்த்தார். இல்லை என்று சொல்லிக் கிழக்குச் சுவரைப் பிரிக்கச் சொன்னார். டிரைவர்கள் தலையில் கை வைத்தார்கள். மூன்று தடவை பிரித்து மூன்று தடவை அடுக்கிய பிறகு, ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னார். அவள் தட்டினாள். சத்தம் கையிலேயே செத்தது.

"இம்புட்டுத்தான் தாயி அன்னைக்கும் கேட்டுச்சு. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏத்த வாரோம்" என்றார்.

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். மதியத்துக்குள் இரண்டு பாட்டு சுத்தமாக வந்துவிட்டது. மூன்றாவதைத் தொடங்கியபோது மேலே டப்பென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. அடுத்த நிமிடம் தகரக் கூரை முழுக்க அடித்து ஊற்றியது. கோடை மழை! ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. மைக்கையெல்லாம் அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். இரண்டரை, மூன்று, மூன்றரை. ஸ்டெல்லா குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்த ஞாயிறு கல்யாணம்.

கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் வந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். எங்களை அவர் பார்க்கவில்லை. பேல் பேலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். எல்லாம் காய்ந்து கிடந்தன. அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"நான் மொதலாளிமார்ட்டப் பொய் சொல்லல, பாத்தியளா?" என்றார்.

நான்கு மணிக்கு மழை விட்டது. மூன்றாவது பாட்டை ஒரே தடவையில் எடுத்தோம். கடைசியாக 'ஆடும் வண்டி'. முதல் தடவை முபாரக்கின் கம்பி அறுந்தது. இரண்டாவது தடவை நான் சொதப்பினேன். மூன்றாவது தடவை தொடங்கும்போது ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அன்று ஸ்டெல்லா வாசித்த மாதிரி அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. கடைசி அடி விழுந்தது. கிட்டார் கம்பியின் அதிர்வு அடங்கிக்கொண்டே வருகிறது, மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். வெளியே பீப், பீப், பீப் என்று ரிவர்ஸ் ஹார்ன். முதல் வண்டி ஏற்ற வந்துவிட்டது. அந்தச் சத்தத்தை வெட்டிவிடலாமா என்று சென்னைக்காரர் கேட்டார். வெட்டினால் கையை ஒடிப்பேன் என்றாள் ஸ்டெல்லா.

அதற்குப் பிறகும் எங்களுக்கு எதுவும் சட்டென்று நடந்துவிடவில்லை. சீர்செய்கிற வேலை இழுத்தது. ஸ்டெல்லாவுக்குப் பிள்ளை பிறந்தது. அதற்குள் அண்ணன் வண்டியை விற்றுவிட்டு, டிரெய்லர் ஓட்ட மஸ்கட்டுக்குப் போய்விட்டார். கிளம்பும் முன் பாட்டு எப்படி என்று முபாரக் கேட்டானாம். ரோட்டில் ஓடவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றாராம்.

போன வருடம் ஆல்பம் வெளிவந்தது. 'ரிட்டர்ன் லோடு' என்று பெயர். போனில் கேட்கலாம், டிரைவர்களுக்காகப் பென் டிரைவிலும் போட்டோம். வெளியீட்டு விழா ஸ்ரீவில்லிபுத்தூரில், எங்கள் பிளக்கைப் பிடுங்கினார்களே, அதே மண்டபத்தில். மத்தியானம் மூன்று மணிக்கு. இந்தத் தடவை பிளக் பக்கத்தில் ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் கைக்குழந்தையோடு காவலுக்கு நின்றார். மில் பெண்கள், ஸ்டெல்லாவிடம் கணக்குப் படித்த பிள்ளைகள், எங்கள் பில் செக்ஷன் முழுக்க, முன்வரிசையில் வண்டி ஸ்டாண்டு டிரைவர்கள். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். ஒன்பது பாட்டையும் வாசித்தோம். எல்லாம் எங்கள் பாட்டு. ஆறாவது பாட்டிலிருந்து கூட்டமும் சேர்ந்து பாடியது.

கடைசிப் பாட்டு முடிந்து கிட்டார் அடங்கும்போது மண்டபத்தின் பெரிய கதவு திறந்தது. முன்வரிசையில் இரண்டு டிரைவர்களைக் காணோமே என்று அப்போதுதான் கவனித்தேன். குட்டியானை ஒன்று பின்பக்கமாக வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. பீப், பீப், பீப். ஆல்பம் முடிகிற அதே சத்தம். மண்டபமே எழுந்து கத்தியது. முபாரக் மேடையிலேயே உட்கார்ந்து அழுதான்.

சாமானை ஏற்றியதும் புது வண்டிக்காரர் தெற்கே திரும்பப் போனார். மூன்று பேரும் ஒரே நேரத்தில், வடக்கே போங்கள், வ. புதுப்பட்டிக்குப் போகணும் என்றோம். அங்கே எதற்கு என்று கேட்டார். தேங்காய் கிடக்கிறது என்றேன். எங்களைப் பார்த்த பார்வையிலேயே அவர் நினைத்தது தெரிந்தது.

மறுநாள் காலை நான் கம்பெனியில் இருக்கும்போது மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. எடுத்ததும் கேட்டார்.

"வரும்போது வண்டி வெறுசாவா வந்துச்சு?"

"இல்லண்ணே. தேங்கா."

அவருக்குப் பின்னால் இஞ்சின் ஓடுவது கேட்டது.

"ராத்திரி பூராம் போட்டு ஓட்டிட்டு வந்தேன் தம்பி. ஒம்போதும் ஒரே லோடா உக்காந்துருச்சு. அந்த டிரம்ஸ் பாப்பாட்ட சொல்லிரு" என்றார்.

இப்போது விட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"அண்ணே, அன்னைக்குப் பேல எடுங்கன்னு சொன்னது நான்தான். ஒங்க மேல போட்டுட்டேன்."

"தெரியும்லே. மொதப் பேல என் தோள்ல தூக்கி வச்சதே நீதான?" என்றார். "காலி பண்ணுனது ரெண்டு பேரும். திருப்பி அடுக்குனது நான் ஒருத்தனா இருந்துட்டுப் போறேன். வையி, இங்க லோடு ஏத்திட்டாக."

போனை வைத்துவிட்டு முதலில் முபாரக்கின் மேஜைக்குப் போனேன். பேலை எடுக்கச் சொன்னது யார் என்று அவனிடம் சொன்னேன். பிறகு ஓசூருக்குப் போன் போட்டு ஸ்டெல்லாவிடமும் அதைச் சொல்லிவிட்டு, அண்ணன் சொன்ன 'உக்காந்துருச்சு' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். என்னைத் திட்டத் தொடங்கியவள் பாதியிலேயே நிறுத்திவிட்டு, என்ன சொன்னாரு, இன்னொரு தடவை சொல்லு என்றாள்.